அசல் இணைக்கப்பட்டுள்ளது

சென்ற மாதம் கருவூலத்தில் நான் உயிரோடு இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். ஓய்வூதியம் வாங்குகிறவன் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய் நின்று, இன்னும் சாகவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு நேர்காணல் என்று பெயர். விரலை ஒரு சின்னக் கருவியின் மேல் வைத்தால் அதுவே ஆளைக் கண்டுபிடித்துவிடும். என்னை அது மூன்று தடவையும் கண்டுபிடிக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் காகிதம் புரட்டியதில் ரேகை தேய்ந்திருக்கும் என்றேன். கணினிக்கு முன்னால் இருந்த அம்மாள் சிரிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு ஊதா மைப்பெட்டியை எடுத்து என் பக்கம் தள்ளி, எதற்கும் இருக்கட்டும் என்று படிவத்தில் பெருவிரலைப் பதிய வைத்துக்கொண்டார். அப்போதுதான் மேலே கல்வித் தகுதி என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்ததைப் பார்த்தார். எம்.ஏ., சர்வதேச இயல். அதற்குக் கீழே கைநாட்டு.

"இது என்னா படிப்புங்க சார்?"

"எந்த நாடு எந்த நாட்டோட சண்டை, ஏன் சண்டைன்னு படிக்கறதும்மா."

"நம்மூர்ல இதெல்லாம் யாருங்க படிச்சாங்க?"

"ரெண்டு பேர்."

"இன்னொருத்தர் யாருங்க?"

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் இருமினார். நான் நகர்ந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அது இடமல்ல. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தும் பெருவிரலில் ஊதா போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். ஈரத் துணியும் ஏதோ மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாடை. எங்களுக்குத் தபாலில் வந்த பாடங்கள் இப்படித்தான் மணக்கும். பழுப்பு உறையைக் கிழித்தால் மூன்று பின்கள் அடித்த தாள்கட்டு இருக்கும். உருளையில் மை தடவி ஓட்டிய எழுத்து, பாதி அழுந்தியும் பாதி அழுந்தாமலும். 'அலகு ஒன்று: இறையாண்மை.' முதல் கட்டு வந்த அன்று இரண்டாம் பக்கம் வெறுமையாக இருந்தது. இறையாண்மை என்றால் என்ன என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாததற்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி எங்கள் மாவட்டத்தோடு இருந்த காலம் அது. தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் உதவியாளன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. எல்லா அலுவலகங்களிலும் அலமாரி ஒன்றுதான். எனக்குப் படிப்பில் உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது. பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்ளலாம், கையெழுத்து நீளமாகும், அவ்வளவுதான். அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர விண்ணப்பம் வாங்கச் சேலத்துக்குப் போன அன்று வரலாற்றுக்கும் பொருளாதாரத்துக்கும் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. சர்வதேச இயல் என்று எழுதியிருந்த சன்னலில் ஆளே இல்லை. நான் அங்கே போய் நின்றேன். உலக விவகாரங்களில் என் ஈடுபாடு அப்படித் தொடங்கியது.

என் கையில் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு மறுவாரம் தானும் போய் வாங்கி வந்தவன் சென்றாயன். எனக்குப் பக்கத்து மேசை. என்னைவிட மூன்று வயது இளையவன். அதியமான்கோட்டையிலிருந்து நெடுஞ்சாலை ஓரமாகவே சைக்கிள் மிதித்து வருவான். அந்தச் சாலைக்கு அப்போது எண் ஏழு. இப்போது நாற்பத்து நான்கு ஆகிவிட்டது.

"உனக்கு எதுக்குப்பா இது?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுல தெலுங்கு, ரோட்டுல தமிழு, எங்க மாமன் சந்தைக்குப் போனா கன்னடம். பொறந்ததுலருந்தே நான் சர்வதேசந்தான் சார். சர்டிபிகேட்டு மட்டுந்தான் இல்ல."

என்னை அவன் சார் என்று கூப்பிட்டதில் பாதி மரியாதை, பாதி கேலி. அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. எந்த விதியை எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் பார்ப்பது என்று கேட்டால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சொல்வேன். மேலதிகாரிகளே ஆள் விட்டுக் கேட்பார்கள். அது பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாதத்துக்கு இரண்டு ஞாயிறு சேலத்தில் நேரடி வகுப்பு. தொப்பூர்க் கணவாயில் பேருந்து லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும். அந்த அரைமணி நேரத்தில் சென்றாயன் பாடம் நடத்துவான். இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஆறு ஓடினால் எல்லைக்கோடு கரையிலா, நடு ஆற்றிலா, ஆழம் அதிகமுள்ள இடத்திலா என்று கேட்பான். எனக்குத் தெரியாது. முன் இருக்கையில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "வாய்க்கா தகராறுங்களா? முன்சீப் கோர்ட்டுக்குப் போங்க" என்றார். சென்றாயன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

வகுப்பில் மொத்தம் பதினோரு பேர். வங்கிக்காரர்கள் நாலைந்து பேர், இரவு வேலை முடிந்து வந்து தூங்கும் ஒரு போலீஸ்காரர், மற்றவர்கள் எங்களைப் போல. பேராசிரியர் நல்ல மனிதர். அந்தப் பதினோரு பேருக்கும் ஐக்கிய நாடுகள் சபையில் பேசுவதுபோல் எழுந்து நின்று பாடம் நடத்துவார். கடைசி ஆண்டில் இரண்டு தாள் எழுதலாம், அல்லது அதற்குப் பதில் ஓர் ஆய்வேடு கொடுக்கலாம் என்றார். பத்து பேர் தாளுக்குக் கை தூக்கினோம். சென்றாயன் மட்டும் ஆய்வேடு என்றான். ஒகேனக்கல்லில் ஆற்றுக்கு இந்தக் கரை நம்முடையது, அந்தக் கரை அடுத்த மாநிலம். இரண்டு கரைக்கும் தினம் போய் வரும் பரிசல்காரர்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னான். நாடுகளுக்கு நடுவில் ஓடும் ஆறுகளில் சனங்கள் எப்படிக் கடந்துபோகிறார்கள் என்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதாகத் திட்டம். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எழுதுங்க. இதுவரைக்கும் யாரும் எழுதல" என்றார்.

ஒரு ஞாயிறு என்னையும் ஒகேனக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனான். மீன் வறுக்கும் புகைக்கும் எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கும் நடுவில் அவன் ஒரு பரிசல்காரரைப் பிடித்துவிட்டான். நான் பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது.

"எல்லை எங்கண்ணா வருது?" என்றான்.

"இந்தப் பக்கம் நம்முது, அந்தப் பக்கம் அவங்களுது. நடுவுல எங்கன்னா மீனத்தாங்க கேக்கணும்."

"ஒரு நாளைக்கு எத்தினி தடவ தாண்டுவீங்க?"

"எண்ணிக்கிட்டிருந்தா துடுப்பு யாரு போடறது?"

"அந்தக் கரையில யாராச்சும் நிறுத்திக் கேப்பாங்களா?"

"கேப்பாங்க. 'ஏம்பா, தங்கச்சி நல்லா இருக்குதா'ன்னு கேப்பாங்க. அந்த ஊர்லதான் பொண்ணு எடுத்திருக்கறேன்."

சென்றாயன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு அவனைப் பார்த்ததாக நினைவில்லை.

அந்தப் பட்டம் அவனுக்கு எதற்கு என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு தனியார் கல்லூரி திறக்க இருந்தார்கள். பேராசிரியருக்கு வேண்டியவர்கள். ஜூன் மாதம் பட்டம் கையில் இருந்தால் சென்றாயனுக்கு விரிவுரையாளர் வேலை என்று பேச்சு. அவனுக்கு முப்பத்து நான்கு வயது. இன்னும் ஓராண்டு போனால் வயது தாண்டிவிடும். சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவும் ரத்து. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மேசையைவிட்டு எழுந்து போக அவனுக்கு ஒரு கதவு திறந்திருந்தது.

அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றவன் நான்.

"அனுமதி வாங்கிட்டியா?" என்று கேட்டேன்.

"படிக்கறதுக்கு வாங்கிட்டனே சார்."

"படிக்கறதுக்கு இல்லப்பா, எழுதறதுக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற மாநிலம். தண்ணி விவகாரம். ஆய்வேட்டை நூலகத்துல வைப்பாங்க. நூலகத்துல வெச்சா அது வெளியீடு ஆகுமா ஆகாதான்னு ஒரு கேள்வி இருக்குது. நாளைக்கு எவனாவது மொட்டக் கடுதாசி போட்டா?"

"நான் என்ன குண்டா வெக்கப் போறேன்? பரிசலப் பத்தி எழுதறேன். அப்புறம், எனக்கு எவன் சார் மொட்டக் கடுதாசி போடுவான்? இந்த ஆபீசுல எழுதத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருதான்."

இருந்தாலும் என் பேச்சைக் கேட்டான். அனுமதி கோரும் கடிதத்தை நானே வரைந்து கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய கடிதங்களில் அதுவே சிறந்தது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. மூன்று விதிகள், இரண்டு சுற்றறிக்கைகள், ஒரு விளக்கக் கடிதம், எல்லாவற்றையும் பார்வையில் காட்டியிருந்தேன். 'பரிசல் பற்றி எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்' என்று நாலு வரி எழுதியிருந்தால் அன்று மாலையே கையெழுத்தாகி வந்திருக்கும். என் கடிதத்தைப் படித்த, ஊழியர் விவகாரம் பார்க்கும் பணியமைப்புப் பிரிவு உதவியாளர், இத்தனை விதி இருக்கிறதென்றால் இதில் ஏதோ பெரிய வில்லங்கம் இருக்கிறது என்று பயந்துபோய்க் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். பிறகு வரிசையாகக் கேள்விகள் வந்தன. ஆய்வு அரசின் கொள்கைக்கு முரணாக அமையுமா என்று முதல் கேள்வி. விண்ணப்பதாரர் ஆற்றை நேரில் பார்வையிடுவாரா, ஆமெனில் அன்றைய தினம் விடுப்பில் இருப்பாரா என்று இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமைக்கு விடுப்பு எடுப்பது எப்படி என்று சென்றாயன் என்னிடம் கேட்டான். அதற்கும் நான் விதி தேடினேன்.

இதற்கிடையே அவன் எழுதி முடித்துவிட்டான். எல்லாம் கையெழுத்தில், தமிழில், ஒரே பிரதி.

அப்போதுதான் வழக்கமான இருக்கை மாற்றம் வந்தது. பணியமைப்புப் பிரிவை எனக்குக் கொடுத்தார்கள். இழுப்பறையைத் திறந்தால் மேலேயே சென்றாயன் கோப்பு. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த மாதம் அது. என் பெயர் மூன்றாவது. கடிதத்தை எழுதியவனே குறிப்பும் எழுதினான் என்று யாராவது சொல்லிவிட்டால்? அதனால் மற்ற எந்தக் கோப்பையும்விட இதில் கறாராக இருந்தேன். மூன்றாவது கேள்வியை நான் எழுதினேன். ஆய்வேட்டின் வரைவை இணைக்கவும்.

"ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாப் போதுங்களா சார்?"

"நகல்னா ஒவ்வொரு பக்கத்துக்கும் சான்றொப்பம் கேப்பாங்கப்பா. இத்தனை பக்கத்துக்கு எந்த அதிகாரி உக்காந்து கையெழுத்துப் போடுவாரு? அசலையே வெச்சிடு. வேலை சுலபம்."

கொண்டுவந்து வைத்தான். துணியில் சுற்றியிருந்தான். கோப்பில் சேரும் தாளுக்கு எண் இட வேண்டும் என்பது விதி. சிவப்பு மையில் ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை எண் போட்டேன். 'அசல் இணைக்கப்பட்டுள்ளது' என்று குறிப்பில் எழுதி அதிகாரிக்கு அனுப்பினேன்.

கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று ஒரே சொல். போய் நின்றேன். அதிகாரி புதிதாக வந்தவர். கெட்டவர் இல்லை.

"இந்த ஆளு எதுக்கு இதப் படிக்கறாரு?" என்றார்.

நானும் அதைத்தான் படித்தேன், ஒரே பேருந்தில் போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம் என்று சொல்லியிருக்கலாம். அவன் வாத்தியாராகப் போகிறான், ஜூனுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். இது வெறும் பரிசல் சார், எல்லை மீனுக்குத்தான் தெரியும் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"தெரியலைங்க சார்" என்றேன்.

"தெரியாத விஷயத்துக்கு நாம எதுக்குப் பொறுப்பாகணும்? மேல எழுதிக் கேட்டுடுங்க."

எழுதிக் கேட்டேன். சென்னைக்குப் போன கடிதத்துக்கு மூன்று நினைவூட்டுக் கடிதங்களும் அனுப்பினேன், ஒவ்வொன்றும் குறித்த நாளில். பேராசிரியர் ஒருநாள் பேருந்து ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "அனுமதி பின்னால வரட்டும், ஆய்வேட்டைக் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். சென்றாயன் என் முகத்தைப் பார்த்தான். கேட்காமல் கொடுத்திருந்தால் அது அறியாமை, கேட்டுவிட்டுப் பதில் வருமுன் கொடுத்தால் கீழ்ப்படியாமை, வேலைக்கே ஆபத்து என்று விளக்கினேன். பேராசிரியர் தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கெடு முடிந்த நாள் வெள்ளிக்கிழமை. சென்றாயன் வழக்கம்போலத் தபால் பதிந்தான், டீ குடித்தான். நாலு மணி வாக்கில் என் மேசைக்கு வந்தான்.

"கட்டு பத்திரமா இருக்குதுங்களா சார்?"

"இரும்பு பீரோவுல இருக்குதுப்பா. அசலாச்சே."

தலையாட்டிவிட்டுப் போனான்.

ஆகஸ்டில் சென்னையிலிருந்து பதில் வந்தது. இப்பொருளில் அனுமதி ஏதும் தேவையில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது. ஒரே வரி. அவனிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "நல்லதுங்க சார். இனிமே தைரியமா எழுதலாம்" என்றான். அதற்குப் பிறகு எழுதவில்லை. கல்லூரியில் வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள்.

கோப்பை முடித்துப் பதிவறைக்கு அனுப்பும்போது எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று குறிப்பது பிரிவு உதவியாளரின் வேலை. சாதாரணக் கடிதப் போக்குவரத்துக்கு மூன்று ஆண்டு. மூன்று என்று போட்டேன். இணைப்பைப் பிரித்து அவனிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் கோப்பிலிருந்து தாளைப் பிரிப்பது முறைகேடு. அவன் ஒரு மனு கொடுத்தால் முறைப்படி கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவன் மனு கொடுக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது. அரூருக்குப் போனேன். தீர்த்தமலைத் திருவிழாவுக்குத் தண்ணீர் லாரி, தடுப்புக் கட்டை என்று ஓடியதில் அந்த மூன்று ஆண்டும் எப்போது முடிந்தது என்று கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது.

சென்றாயன் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றான். கல்யாணங்களில் பார்த்துக்கொள்வோம். சர்க்கரை அளவு, பிள்ளைகள், மழை எல்லாம் பேசுவோம். மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துபோனான். காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அவன் மனைவி மாதம்மாள் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, அவரு எழுதுன கட்டு ஒண்ணு ஆபீசுல இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாருங்க. கடைசில ஆஸ்பத்திரியிலயும் சொன்னாரு. அத வாங்கித் தர முடியுங்களா?"

அது இல்லை என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு மனு குடுத்துப் பாக்கலாம்மா" என்றேன். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், உரிய படிவத்தில், நானே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

முப்பது நாளுக்குள் பதில் வந்துவிட்டது. இப்போதெல்லாம் வேகம். உறையைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு அதியமான்கோட்டையிலிருந்து பேருந்தில் வந்தார். படித்துச் சொன்னேன். கோரப்படும் கோப்பும், அதனுடன் இணைக்கப்பட்டிருந்த திரு. சென்றாயன் என்பாரின் ஆய்வேட்டுக் கையெழுத்துப் பிரதி, பக்கங்கள் 212, அசலும், பராமரிப்புக் காலம் முடிந்தமையால் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன.

மாதம்மாள் என் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அவரு பேரு போட்டிருக்குதுங்களா?"

"போட்டிருக்குதும்மா."

"இருநூத்திப் பன்னெண்டு பக்கம்னு இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அப்ப எழுதுனது நெசந்தான். எங்க அண்ணனுங்க சிரிப்பாங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சேலத்துக்குச் சினிமாவுக்குப் போனவன், பொஸ்தகம் எழுதுனேன்னு கத வுடறான்னு. நானும்..." அதை அவர் முடிக்கவில்லை. காகிதத்தை வாங்கி நாலாக மடித்து, ரேஷன் அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். கிளம்புவதற்கு எழுந்தவர் வாசற்படியில் நின்றார்.

"நீங்க படிச்சிருப்பீங்களேண்ணா. என்னா எழுதியிருந்தாரு?"

"ஆத்தப் பத்திம்மா. நல்லா எழுதியிருந்தான்" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

நாங்கள் படித்த அந்தப் பிரிவை மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சேலத்தில் அந்தச் சன்னல் இருந்த சுவரையே இடித்துவிட்டார்கள். பேராசிரியர் இல்லை. பச்சை மை அதிகாரி இல்லை. கோப்புகளைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள், அசலை யாரும் கேட்பதில்லை. எனக்குப் பட்டம் இருக்கிறது, கண்ணாடிச் சட்டத்துக்குள். அந்தக் கட்டு நாலு மாதம் என் மேசைக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. அதை எழுதியவனைத் தவிர உலகத்தில் அந்தத் தாள்கள் ஒவ்வொன்றையும் தொட்டுப் புரட்டிய ஒரே ஆள் நான். இருநூற்றுப் பன்னிரண்டையும் எண்ணினேன். எண் போட்டேன். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.